மூன்று கம்பிக் கேட்

மார்ச் 9, 1987

ஈப்போவில் நாள் முழுக்க மழை. கோர்ட்டு வாசலில் என் தட்டச்சு மேசையைத் தேடி ஒரு பிராதுகூட வரவில்லை. வந்தது தங்கச்சி ஹில்டா, கையில் ஒரு கட்டுத் தாளோடு. காம்பாரில் கணக்கு டீச்சர். இப்போது படிப்பு லீவில் முதுகலை செய்கிறாள். மாப்பிள்ளை கிடைக்காததால்தான் படிக்கிறாள் என்று கோயில் பாடகர் குழு அகதா ஊரெல்லாம் சொல்லி வருகிறாள். அகதாவின் புருஷனைப் பார்த்தபின் படிப்பே மேல் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சரி, சொன்னேன்.

ஹில்டாவின் முகம் சரியில்லை. அவள் போட்ட சர்க்யூட்டில் செலவு பிடிக்கும் கேட் அதிகமாம். மே மாதக் கடைசிக்குள் குறைக்காவிட்டால் பேராசிரியர் லிம் கையெழுத்துப் போட மாட்டார். லீவு ரத்து. படிப்பும் அதோடு சரி. சிலிம் ரிவர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் தயாராக இருக்கிறதாம்.

அதுவரை செய்ததைத் தட்டச்சு செய்து தரச் சொன்னாள். மறு நகல் வைத்துப் பார்த்தால் எங்கே குறைக்கலாம் என்று தெரியுமாம்.

மார்ச் 11

கேட் என்றால் வீட்டு கேட் இல்லையாம். விளக்கினாள். விளக்க விளக்க எனக்கு இருட்டியது.

முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டக்கூடிய ஒரு கணக்கு மெஷின். யாரும் இன்னும் செய்யவில்லை. இல்லாத மெஷினில் எது விலை, எது மலிவு?

“ஒரு கம்பி, ரெண்டு கம்பி கேட் மலிவுண்ணே. மூணு கம்பி கேட்தான் செலவு. நாளைக்கு அணுவை வச்சே மெஷின் செஞ்சாங்கன்னா, இதுதான் கழுத்தறுக்கும்.”

தைவானில் மொத்தமாக எடுத்தால் குறையாதா என்றேன். பார்த்தாள். அடுத்த தாளைத் தட்டச்சில் சொருகினேன்.

ஒன்று மட்டும் பிடிபட்டது. இந்த கேட் பாதிக் கணக்கை ஒரு காலிக் கம்பியில் எழுதி வைக்கும். அதே கேட்டை மறுபடி போட்டால் எழுதினது அழிந்துவிடும். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும், அந்த மாதிரி. ஒவ்வொரு தாளும் கணக்கில் ஒரு பகுதி, ஒவ்வொரு வரியும் ஒரு கேட். கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தாளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

இவ்வளவு எழுதிவிட்டேனே, புரிந்துவிட்டதா? இல்லை.

மார்ச் 20

முதுகு வலி. இல்லாத மெஷினுக்கு இருக்கிற முதுகு.

ஏப்ரல் 6

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் அடித்ததை வைத்து ஹில்டா கணக்கை ஓட்டிப் பார்த்தாள். விடை தப்பு. மறுபடி ஓட்டினாள். வேறு மாதிரித் தப்பு.

“அண்ணே, தாள் முடியிற இடத்துல கடைசி வரி எங்க?”

அதே வரிதான் அடுத்த தாளின் தலையில் இருக்கிறதே என்றேன். சிம்பாங் பூலாய் பக்கம் எஸ்டேட் ஆபீசில் நான் இருந்தபோது பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒரு வழக்கம் வைத்திருந்தார். தாளின் கடைசி வரியை அடுத்த தாளின் முதல் வரியாகவும் எழுதுவார், தாள்கள் மாறிப் போகாமல் இருக்க. அடிக்கும்போது ஒன்றைத்தான் அடிக்க வேண்டும். இரண்டையும் அடித்தவன் அன்று முழுக்கத் திட்டு வாங்குவான். ஹில்டாவின் தாள்களிலும் பல இடத்தில் அடியில் இருந்த வரியே அடுத்த தாளின் தலையில் இருந்தது. கை தானாக ஒன்றை விட்டுவிட்டது.

“அது தொடர்ச்சி வரி இல்ல! கீழ இருக்கிறது துடைக்கிற கேட். மேல இருக்கிறது மறுபடி எழுதுற கேட். ஒண்ணை மட்டும் எடுத்தா எல்லாம் தலைகீழாப் போயிடும்!”

அடுப்படியிலிருந்து என் மனைவி டோரிஸ், “என்னாங்க, அந்தப் புள்ளை வாழ்க்கையில வெளையாடுறீங்களா?” என்றாள். அவமானம். வழக்கம்போல வாய்தான் முந்திக்கொண்டது.

“ஒண்ணை எடுத்ததுதான தப்பு? அப்ப ரெண்டையும் எடுத்துடு, சண்டை தீர்ந்துச்சு.”

ஹில்டா பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் மீதி வரியையும் கோடு போட்டு அடித்தாள். கணக்கை ஓட்டினாள். அந்த இடம் சரியாக வந்தது. இன்னோர் இடம். மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா? டோரிஸைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த பகுதிக்கும் அதே பாதிக் கணக்குதான் தேவையாம். துடைத்துவிட்டு உடனே அதையே எழுதுவதற்குப் பதில், துடைக்காமலே கொடுத்துவிடலாமாம்.

“தனித்தனித் தாளாப் போட்டதால என் கண்ணுல படவே இல்லண்ணே,” என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஏப்ரல் 19

ஈஸ்டர். பூசைக்குப் பின் கோப்பிக் கடையில் நண்பன் சதாசிவத்திடம் பெருமை அடித்தேன். நீ என்ன செய்தாய் என்று கேட்டான். சில வரிகளை அடிக்காமல் விட்டேன் என்றேன். “அடிக்காததுக்குப் பேர் வாங்குற டைப்பிஸ்டை இப்பத்தான் பாக்குறேன் லா,” என்றான்.

அவன் சொல்வதும் சரிதான். மீதி வேலை முழுக்க ஹில்டாவுடையது. அந்தக் கம்பியைத் தொடாத வரிகளை நகர்த்தி நகர்த்தி, இன்னும் பல ஜோடிகளைப் பக்கத்தில் கொண்டுவந்து நீக்குகிறாள். சில ஜோடி நகர மறுக்கிறதாம். அதற்கு என்னிடம் தப்பு எதுவும் கைவசம் இல்லை.

மே 27

மூன்று கம்பிக் கேட் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பேராசிரியர் லிம் கையெழுத்துப் போட்டுவிட்டார். இது எப்படித் தோன்றியது என்று கேட்டாராம். அண்ணன் தட்டச்சில் விட்டுவிட்டார் என்று உண்மையைச் சொன்னாளாம். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாராம்.

ஜூலை 2

சிலிம் ரிவரிலிருந்து பாஸ்கல் மச்சான் போன் செய்தார். ஹில்டாவுக்காகப் பார்த்து வைத்த அறையை இன்னும் வைத்திருக்கவா என்று கேட்டார். கிணறு பக்கம், பஸ் பக்கம், நல்ல அறை. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். ஸ்காட்லாந்தில் மேலே படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், செப்டம்பரில் போகிறாள் என்றேன். வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன்.

சிலிம் ரிவர் என்றால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்திருப்பாள்.