விடுபட்ட தீகா

வெள்ளி இரவு, குளுவாங், மலேசியா.

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. மாலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மறுபடியும் அதே வாதம். ஒரு புது ராக் குழு எங்கள் பழைய குழுவைப் பார்த்துத்தான் வாசிக்கிறது என்றான் சேகர். ரவி ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லா பேண்டும் அப்படித்தான்லா வாசிப்பாங்க."

சேகர் போனில் பாட்டைப் போட்டான். பாடகன் "சத்து, டுவா" என்று மலாயில் எண்ணினான். "தீகா" சொல்வதற்குள் டிரம்ஸ் விழுந்துவிட்டது.

"கேட்டியா? மூணு சொல்லாம ஆரம்பிக்கிறது எங்க ஸ்டைல்லா!"



அது ஸ்டைல் இல்லை. எங்கள் குழுவில் அன்று டிரம்ஸ் வாசித்தவன் நான். பதற்றத்தில் எப்போதும் முந்திக்கொள்வேன். அதற்காகத்தான் சேகர் என்னைக் குழுவை விட்டே அனுப்பினான். மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"நீ சொல்லுடா, நம்ம ஸ்டைல்தானே?" என்று சேகர் என் பக்கம் திரும்பினான்.

"ஆமா, உங்க ஸ்டைல்தான்" என்றேன்.

அந்த 'உங்க' அவன் காதில் விழவே இல்லை.