கவ்வும் கம்மல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் திமிரோடும் இருக்கிறோம். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். முழுக்கப் படி.

"அவன் ரெண்டு காதையும் அறுத்துட்டுத்தான் சோத்துல கை வைப்பேன்" என்று அம்மாவிடம் சொன்னாயாமே? லீவும் வாங்கிவிட்டாயாம். ஹோட்டல் அடுக்களையில் நாள் முழுக்கக் கறி வெட்டுகிறவன் நீ. சொன்னால் செய்துவிடுவாய். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் அன்று போனில் நீ கேட்டது என் அலறலை மட்டும்தான். மீதியை இதுவரை முழுசாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் தலைமைச் சமையல்காரரின் டோப்பா சூப்பில் விழுந்த கதையை நீ சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் உள்ளே வந்தான். "எவன்கூடடி இளிக்கிற?" என்றான். அண்ணன் என்றேன். நம்பவில்லை. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். பிறகு இடது காதுக் கம்மலில் விரலை மாட்டி ஒரே இழுப்பு. காது கிழிந்து, கம்மல் அவன் கையோடு போனது. ரத்தம் கழுத்தில் இறங்கித் தோளெல்லாம் நனைந்தது. கீழே கிடந்த போனில் நீ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாய், அவன் அதை மிதித்தான். நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மிதித்த காலைக் கடித்தேன், பல்லில் சதை வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த அம்மா வாணலியால் அவன் முதுகில் போட்ட போட்டில் தெருவே கூடிவிட்டது. போலீஸ் பிடித்துப்போனது, இப்போது ஜாமீனில் திரிகிறான்.

காதுக்குத் தையல் போட்டார்கள், ஆறியது. ஆறிய இடத்தில் பருப்பளவு மேடு ஒன்று கிளம்பியது. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. கோலிக்குண்டு அளவு ஆனதும், அவசரக்குடுக்கை நான், ஒரு சின்ன கிளினிக்கில் வெட்டி எடுக்கச் சொன்னேன். வெட்டினார்கள். சில மாதத்தில் நாவல்பழம் அளவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது பார்க்கும் தோல் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "புண்ணு எப்பவோ ஆறிடுச்சும்மா. தோலுக்குத்தான் நிறுத்தத் தெரியல, சதையை வெச்சுக் கட்டிக்கிட்டே இருக்கு. வெறுமனே வெட்டினா அதுக்கு அது இன்னொரு காயம், இன்னும் ஆவேசமா வளரும்" என்றார். சில குடும்பங்களின் உடல்வாகு அப்படியாம். உனக்கும் இருக்கலாம், கத்தி வேலையில் ஜாக்கிரதை.

தழும்புக்குள்ளேயே ஊசி போடுகிறார். கண்ணில் பொறி பறக்கும், அவர் குடும்பத்தையே திட்டிவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே குத்துகிறார். ஆனால் மேடு அமுங்கிவருகிறது, அரிப்பு போயே போச்சு. கூடவே ஒரு கவ்வும் கம்மலும் கொடுத்திருக்கிறார். முன்னும் பின்னும் தகடு, நடுவில் காது, நாளெல்லாம் அழுத்திப் பிடித்திருக்கும். கம்மலால் போன காதுக்குக் கம்மலே மருந்து! இனி ஓட்டை மட்டும் போடவே கூடாதாம்.

அண்ணா, உன் கோபமும் அந்தத் தோல் ரகம்தான். வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நான் கூண்டில் ஏறி, முடியை ஒதுக்கி, காதைக் காட்டி, என் வாயால் சொல்லப்போகிறேன். அவன் தலை குனிவதை நான் பார்க்க வேண்டும். நீ வெட்டிவிட்டால் அடிபட்டவன் அவன், குற்றவாளி நீ. என் காதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எனக்கும் அவனைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவன் கழுத்துதான் தெரிகிறது. நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. நீ சிரிக்க வைத்ததால் இது நடக்கவில்லை. அந்த நினைப்பு உன்னை அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். இன்றோடு விட்டுவிடு.

கட்டாயம் வா. கத்தியோடு வராதே, வெறுங்கையோடும் வராதே. ஓட்டை இல்லாமல் மாட்டுகிற கம்மல் வாங்கி வா, ஒற்றை இல்லை, ஜோடி. ஊசி போடும் அன்று கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த டோப்பா கதை வேறு பாதியில் நிற்கிறது. சூப்பில் விழுந்த பிறகு என்ன ஆச்சு? அதை ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று என்னால் கேட்க முடியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிக்க வேண்டும்.

நீ நூறு வயது, வெளியில், இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் வாயாடி