முடியலன்னு சொல்லிட்டேன், கொளஞ்சி

என் தம்பி கொளஞ்சிக்கு, சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் அக்கா எழுதுவது.

உன்மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலிப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் பெண்டாட்டி கலா கேட்டபோது, "வாயுதான், ஒண்ணும் இல்ல" என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறாய். மறுநாளும் வலி. அப்படியே செராமிக் கம்பெனிக்குப் போய், சூளையில் வெந்த கரண்டு பீஸ் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவன் அங்கேயே சாய்ந்துவிட்டாய். கூட இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்களாம். லோடு போகட்டும் என்றாயாம்.

லோடு போய்விட்டது, கொளஞ்சி. வேறு ஆளை வைத்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

உன் கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் வைத்தார்கள். 'கடைசி மூச்சுவரை உழைத்தவனே' என்று உன் படத்துக்குக் கீழே பெரிதாகப் போட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேனரைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. முப்பத்தைந்து வயதில் வருகிற கடைசி மூச்சில் பாராட்ட என்ன இருக்கிறது?

நீ போன பிறகு என் வேலையில் ஒன்று நடந்தது. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

"எங்கக்கா கரண்டு செய்யுது, நான் அதுக்கு பீஸ் கட்ட செய்யறேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாயே, அந்த அணுமின் நிலையத்துக்கு, மணிமுத்தாற்றங்கரையில் உன் கருமாதி முடிந்த கையோடு திரும்பினேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். குடித்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஊதினேன், ஒன்றுமில்லை என்றது. தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவளைக் காட்டிக்கொடுக்கும் கருவி எங்கே இருக்கிறது? அதனால்தான் ஒரு விதி இருக்கிறது: உடம்போ மனமோ சரியில்லை என்றால் நாமே சொல்ல வேண்டும். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போவோம். அன்று நானும் அப்படித்தான் சொன்னேன்.

கட்டுப்பாட்டு அறையில் எனக்கு முந்தின ஷிஃப்ட் பார்த்தவர் ஆரோக்கியராஜ். உலைக்குத் தண்ணீர் அனுப்பும் இரண்டு பம்புகளில் எது ஓடுகிறது, எதைப் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி, வழக்கம்போல என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஓடுவதை நின்றது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அமுதா, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். மறுபடியும் மாற்றிச் சொன்னேன். அவர் குரல் காதில் விழுந்தது; உள்ளே போகவில்லை. நீ போனதிலிருந்து நான் ஒரு இரவுகூட ஒழுங்காகத் தூங்கியிருக்கவில்லை.

நேராக ஷிஃப்ட் இன்சார்ஜிடம் போனேன்.

"சார், என்னால இன்னிக்கி பேனல்ல உக்கார முடியாது. வேற ஆளக் கூப்பிடுங்க."

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. தூக்கமே இல்ல சார். புத்தி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

கெட்ட மனுஷர் இல்லை. உன் சாவுக்கு மாலையோடு வந்தவர். தணிவாகத்தான் சொன்னார்: "உக்காருங்கம்மா. வேலையில எறங்கிட்டா எல்லாம் மறந்துடும்."

"வேலையே மறந்துடுமோன்னுதான் சார் பயமா இருக்குது."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆளுக்காளு மனசு சரியில்லன்னு நின்னா பிளாண்ட யாரு ஓட்டறது? ஏற்கெனவே ஆளில்லாமக் கெடக்கறேன். இது மெடிக்கலுக்குப் போவும். இந்த வருஷம் உங்களுக்கு புரமோஷன் இன்டர்வியூ வேற இருக்குது. நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு புரமோஷனைத்தான் கணக்குப் போட்டது. ஆனாலும் அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை, கொளஞ்சி. மாற்று ஆள் வரும்வரை ஆரோக்கியராஜ்தான் வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் நிலையத்து டாக்டரம்மா தூக்கத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றியெல்லாம் விசாரித்தார். "யார் மேலயாவது கோவம் வருதா?" என்றார். "எந்தம்பி மேல" என்றேன். அங்கேதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அதுவரை நான் அழவில்லை என்பது உனக்குத் தெரியுமா?

லீவு கொடுத்து அனுப்பினார்கள். விருத்தாசலத்துக்கு வந்தேன். விஷயம் எப்படியோ தெரிந்து நல்லூர் மாமா வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம்தான் பேசினார், நான் அங்கே இல்லாததுபோல.

"இவ்ளோ படிச்ச பொண்ணு, போயும் போயும் மனசு சரியில்லன்னா சொல்லுவா? நாளைக்கி பைத்தியம்னு பேரு கட்டிடுவான். வயித்து வலின்னு ஒரு பொய்யச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டது. உன் காரியம் முடிந்ததிலிருந்து யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத அம்மா.

"எம் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் முடியாமப் போச்சி. ஒண்ணு வாயத் தொறந்து சொல்லிச்சி, உங்க எதிர்ல உக்காந்துருக்குது. இன்னொண்ணு சொல்லல. எது தேவலாம்னு என்னக் கேளுங்க, நான் சொல்றேன்."

மாமா காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஆரோக்கியராஜ் போன் செய்தார். தான் பல மாதமாகத் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்ததாகவும், போன் செய்த அன்று காலையில்தான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னதாகவும் சொன்னார். திடீரென்று ஏன் என்று கேட்டேன். "உங்கள லீவுலதான அனுப்புனாங்க, வேலய விட்டு அனுப்பலியே. அதப் பாத்துதான் தைரியம் வந்துது" என்றார். நேர்மையான பதில். எனக்கு அது போதும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். புரமோஷன் இன்டர்வியூவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. என்னைவிட இளையவள் போனாள். போகட்டும். தூக்கம் திரும்பியதும் டாக்டரம்மா என்னைப் பரிசோதித்து அனுப்பினார். பயிற்சிக் கூடத்தில் மாதிரிப் பேனலில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. திரும்பிப் போன அன்று இன்சார்ஜ் எல்லார் முன்னாலும், "என்னம்மா, இன்னிக்காவது நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். இல்லன்னா சொல்லுவேன், இப்பவும் சொல்லுவேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. வலிக்கிறது என்று சொன்னால் எங்களுக்கு உன்மேல் மதிப்புக் குறைந்துவிடும் என்றா நினைத்தாய்? கலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தவள் நான். அவளுக்கு உன் உழைப்பு வேண்டாம்டா, நீதான் வேண்டும்.

இனி நான் சொல்லும் வாக்கைக் கேட்டுக்கொள். அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி இல்லாத நாளில் நான் அதைத் தொடமாட்டேன். யார் முகம் சுளித்தாலும், எத்தனை பதவி போனாலும், நானே வாய்விட்டுச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் சொல்லத் தயங்கினால் அவரோடு போய் நிற்பேன். என்னை யாரும் வீராங்கனை என்று பேனரில் போட வேண்டாம். நான் வேலை முடிந்து வீடு திரும்பினால் போதும்.

நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். போயிட்டு வரேன்டா.

உன்னைத் திட்டவும் உனக்காக அழவும் உரிமையுள்ள
உன் ஒரே அக்கா,
அமுதா