துண்டைக் கடித்துக்கொண்டிருந்த ராஜிக்காவுக்கு

என் ராஜிக்கா, என் வாயாடி அக்கா,

நீ போன பிறகு சண்டை போடக்கூட எனக்கு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். உன் மகன் பிரபு கட்டாயம் படிக்கட்டும்.

முதலில் ஒரு செய்தி. நீ கடைசியாக இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு யாரோ விருது கொடுத்திருக்கிறார்கள். ‘பேச இயலாதோரின் விருப்பம் அறிந்து சேவை’ என்று வாசலில் பெரிய பேனர். மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு அதில் சிரிக்கிறார். திருப்புட்குழி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காறித் துப்பலாம் என்று நினைத்தேன், பக்கத்தில் ஒரு கைக்குழந்தை இருந்ததால் விட்டுவிட்டேன்.

பட்டுக்கடையில் கல்யாணக் கூட்டத்தையே பேச்சால் கட்டிப்போட்டவள் நீ. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. நான் குடியிருப்பது மூன்றாவது மாடி, உன்னைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. பிரபு சென்னையிலிருந்து வந்து, “நல்ல இடமா பாத்துட்டேன் சித்தி, ஏசி ரூம்” என்றான். ஏசிதான் பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ?

உனக்கு எப்படிக் குளித்தால் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க மேனேஜர் ஒரு படம் போட்ட அட்டையோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஷவருக்கு ஒரு படம், வாளிக்கு ஒரு படம். தொட்டியில் படுத்துக் குளிக்கிற படம்கூட இருந்தது. நம் ஊரில் எருமையைத் தவிர யார் படுத்துக் குளித்தார்கள்? “சிரிக்கிற மூஞ்சியத் தொட்டுக் காட்டுங்கம்மா” என்று உன்னிடம் கெஞ்சினார். கடையில் புடவையெல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு ‘அப்புறம் வர்றோம்’ என்று எழுந்து போகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாயே, அதையே அவருக்கும் கொடுத்தாய். அவர் ‘விருப்பம் எதுவுமில்லை’ என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் குடும்பத்தைக் கேட்டார்கள். பிரபு வீடியோ காலில் வந்து, அம்மாவுக்குச் சுடுதண்ணீர் ஷவர்தான் என்றான். அது அவனுக்குப் பிடித்தது. உன் மருமகள், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றாள். அது அவள் அம்மாவுக்குப் பிடித்தது. எண்ணெய் தேய்த்த அன்றைக்கே மூக்கடைத்துப் படுத்துக்கொள்கிறவள் நீ. சென்னைக்குப் போகும்வரை உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

எப்படிக் குளிப்பாட்டினாலும் நீ கத்தினாய். தண்ணீருக்குப் பயப்படுகிறாள் என்றார்கள். துண்டைக் கடிக்கிறாள், ஆளையும் கடிப்பாள் என்றார்கள். இடது கையை நெஞ்சிலேயே வைத்திருக்கிறாள் என்று ஈசிஜி வேறு எடுத்தார்கள். டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்றாராம். உன் இதயத்தைப் பற்றி அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்?

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். தைத்து முடித்த பாவாடைகளைக் கடைக்குக் கொடுக்கப் போகிற வழியில் பையோடு அப்படியே வந்தேன். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒட்டுத்துணி இல்லாமல் நீ. பக்கத்தில் இரண்டு பெண்கள். கதவோரம் அட்டையோடு மேனேஜர். உன் பல்லில் துண்டு முனை, உன் இடது கை நெஞ்சுக்கு மேலே இறுக்கி மூடியிருந்தது.

“பாருங்க மேடம், அக்ரெஸிவ் பிஹேவியர்” என்றார் மேனேஜர்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, “துண்டக் கடிச்சிக்கினு வுடவே மாட்டேங்குதும்மா. தண்ணின்னாலே பயப்படுது” என்றாள்.

நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன். “ஒரு பொம்பள குளிக்கறத நின்னு பாத்துக்கினு, அவளுக்கு இன்னா புடிக்கும்னு கேக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? போ வெளிய” என்றேன். மேடம் மரியாதையாகப் பேசணும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நடமாடிய காலத்தில் குளிக்கும்போது நீ பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றி, நாடா முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, வலது கையால் முடிச்சுப் போடுவாய். தாழ்ப்பாள் போட்ட குளியலறையில் தனியாக இருந்தால்கூட நீ அப்படித்தான் குளிப்பாய். நம் தெருவில் எந்தப் பெண் வேறு மாதிரி குளித்தாள்? அந்த இரண்டு பெண்களும் அவரவர் வீட்டில் அப்படித்தான் குளிப்பார்கள். யூனிஃபார்ம் மாட்டியதும் அது மறந்துபோய்விடுகிறது. இத்தனை நாளாக நீ சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய் அக்கா. வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று ஆராய்ந்துகொண்டிருந்த அறிவாளிகளின் காதில்தான் விழவில்லை.

கதவைச் சாத்தினேன். பையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து உனக்குக் கட்டிவிட்டேன். நீயாகவே துண்டை விட்டாய். தலையில் தண்ணீர் ஊற்றியபோது கண்ணை மூடிக்கொண்டாய். ஒரு சத்தமும் இல்லை. வாளித் தண்ணீர் தீர்ந்ததும் இன்னும் ஊற்று என்று காலால் என் முழங்காலை இடித்தாய்.

“அப்ப பிரச்சினை டிரெஸ்தானா? அதுக்கு ஃபார்ம்ல இடமே இல்லையே மேடம்” என்றார் வெளியே காத்திருந்த மேனேஜர்.

பக்கவாட்டில் திறந்து கட்டுகிற மாதிரி பாவாடைகள் தைத்துக் கொடுத்தேன். நான் வந்த நாட்களில் எல்லாம் சரியாக நடந்தது. நீ போன பிறகு உன் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் என் கையால் கட்டிவிட்ட ஒன்றைத் தவிர மற்றவை மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. நான் வராத நாட்களில் நீ எதைக் கடித்துக்கொண்டிருந்தாய், அக்கா?

உன்னைக் கடைசியாக உன் வீட்டு முற்றத்தில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினோம். சுற்றிலும் பெண்கள் புடவை பிடித்து மறைத்தார்கள். சாதாரணப் புடவை போதாதென்று பிரபு பட்டுப்புடவைகளை எடுத்துக் கொடுத்தான். “நல்லா மறைச்சுப் பிடிங்க, அம்மாவ யாரும் பாத்துடக் கூடாது” என்று அதட்டினான். உயிரோடு இருந்தபோது ஒரு கதவைச் சாத்தச் சொல்லி ஒரு போன் போடாதவன். செத்த பிறகு நாலு பக்கமும் பட்டு. வந்தவர்கள் அவன் பாசத்தைப் பார்த்து மெச்சிக்கொண்டார்கள்.

நான் உனக்குப் பாவாடை கட்டினேன். “பொணத்துக்கு எதுக்குடி பாவாடை?” என்றாள் பெரியம்மா. நாடா முனையை நானே பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். அதனால் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அழவும் முடியவில்லை.

இன்னொன்றையும் கேள், சிரிப்பாய். உனக்குப் பக்கத்துக் கட்டிலில் முசரவாக்கத்து குப்பம்மா இருந்தாளே, பேச்சில்லாதவள். நீ போன பிறகு நான் பெரிய இவள் மாதிரி ஒரு பாவாடையோடு அவளிடம் போனேன். கட்டிவிட்டேன். பிடுங்கி என் மூஞ்சியிலேயே எறிந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றியதும் வெற்று உடம்போடு கெக்கெக்கே என்று சிரித்தாள். எனக்கும் ஒரு கோட்டு மாட்டிப் பேனரில் நிற்க வைக்கலாம் போலிருக்கிறது.

வாரா வாரம் அந்த இல்லத்துக்குப் போகிறேன். இனியும் போவேன், இது உனக்குத் தருகிற வாக்கு. கதவைச் சாத்திவிட்டுத்தான் மறு வேலை. நீ கட்டாத பாவாடைகளை அந்தக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். வேண்டாதவர்கள் என் மூஞ்சியில் எறியட்டும். வேண்டியவர்கள் இனிமேல் துண்டைக் கடிக்க வேண்டாம்.

உன் நாடாவைக் கடைசியாக முடிச்சுப் போட்ட தங்கச்சி,
சுலோசனா