அனுப்பும் பாட்டு

இன்று காலை அரியாலையில் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றின் முன்னால் நின்றேன். கடைக்காரர் பழைய டைனமோ ஒன்றைப் பூட்டிவிட்டு, பின்சில்லைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் யாருக்கு டைனமோ வேண்டும் என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், தகப்பனின் சைக்கிளை இருந்தபடியே ஆக்கித் தரச் சொல்லியிருக்கிறாராம். சில்லு சுழன்றது. டயரில் டைனமோவின் தலை உரசி, சூடேறிய ரப்பரின் வாசனை எழுந்தது. நான் வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வாசனைக்குள் நீ இருந்தாய்.

போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரிகளுக்குத் தடை வந்த காலம் அது. பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று பத்திரிகையில் எழுதுவதற்காக, பழைய நண்பனான உன் வகுப்புக்கு முதன்முறையாக வந்தேன். வகுப்பின் பின்புறத்தில் ஒரு சைக்கிள் ஸ்ராண்டில் நின்றது. அதன் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் உன் ஒலிப்பதிவுக் கருவிக்குப் போயின. மாணவர்கள் முறை வைத்து உழக்கினார்கள். நான் கொப்பியைத் திறந்ததும் நீ சொன்னாய்: "எழுதினது காணும் மச்சான். ஏறி உழக்கு. பேப்பர்காரருக்கும் ஒருக்கால் வேர்க்கட்டும்." மாணவர்கள் சிரித்தார்கள். ஏறினேன். வேகம் குறைந்தால் கசெற்றில் கதைப்பவரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது, கூடினால் கீச்சிட்டது. ஒரே அளவில் உழக்கப் பழகுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளியது. பிறகு வாரம் தவறாமல் வந்தேன், செய்தி இல்லாவிட்டாலும்.

நீ மொழியியல் படிப்பித்தாய். உனக்கு ஒரே ஆசை: இந்தத் தீவின் பழங்குடிகளான வேடரின் மொழியை எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக வைக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "தமிழுக்கே இஞ்சை வழியில்லை, உவர் வேடன்ரை பாஷைக்குப் பாடம் கேக்கிறார்" என்று ஒருவர் சொன்னதை நீயே எனக்கு நடித்துக் காட்டினாய். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். எங்கள் மொழியில் கைவைக்காதே என்று இத்தனை காலமாகச் சொல்லிவருகிற நாங்கள், பக்கத்தில் ஒரு மொழி மூச்சடங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாமோ என்று கேட்டாயாம். சிரிப்பு நின்றது. ஆனால் குழு ஒரு நிபந்தனை வைத்தது. அந்த மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அவர்கள் தங்கள் காதால் கேட்க வேண்டும்.

அதற்கு உன்னிடம் இருந்தது ஒரே ஒரு கசெற். தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில், போர் மறுபடி மூளுமுன் பாதை திறந்திருந்த சில மாதங்களுக்குள், நாங்கள் இருவரும் கிழக்கே வாகரைப் பக்கம் போய்வந்தோம். நீ சொற்களுக்காக, நான் செய்திக்காக. கடலோரக் குடியிருப்பில் நாங்கள் சந்தித்த வேடர்கள் எங்களோடு தமிழில்தான் கதைத்தார்கள். பழைய மொழி அவர்களுடைய சடங்குப் பாட்டுகளில் இருந்தது. ஒரு பெரியவர், இறந்துபோன முன்னோரைக் கூப்பிடும் பாட்டைப் பாடச் சம்மதித்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பாடினார். நாடா ஒரு பக்கம் முடிந்து கருவி நின்றது. திருப்பிப் போடு என்று நான் சைகை காட்டினேன். நீ தலையை ஆட்டி மறுத்தாய். "முக்கியமானது வந்திட்டுது. மிச்சமும் உதுதான், திருப்பித் திருப்பி" என்று என் காதுக்குள் சொன்னாய். மறுபக்கத்தை அடுத்த ஊருக்கென்று மிச்சம் பிடித்தாய். பெரியவர் கருவி நின்றது தெரியாமல் கடைசிவரை பாடி முடித்தார்.

உன் வகுப்பில் வள்ளியம்மை என்றொரு மாணவி இருந்தாள். கிழக்கிலிருந்து படிக்க வந்து, பாதை மூடியதால் வீடு போக முடியாமல் தங்கியவள். ஊர் எது என்று கேட்டால், மட்டக்களப்புப் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அவளுடைய பெயரை வைத்துப் பையன்கள் பகிடி பண்ணுவார்கள். "வள்ளி, முருகன் எங்கை? மயிலுக்குப் பெற்றோல் இல்லையோ?" என்று ஒருவன் கேட்டான். "மண்ணெண்ணெயில ஓடி வாறார். புகை வந்தா எழும்பி நில்லுங்க" என்றாள் அவள்.

அந்தக் கசெற்றை நீ வகுப்பில் முதன்முதலாகப் போட்ட அன்று நான்தான் உழக்கினேன். பெரியவரின் குரல் எழுந்ததும் நீ கரும்பலகையில் ஏதோ எழுதத் தொடங்கினாய். வள்ளியம்மை இருக்கையை விட்டு எழுந்தாள். உன்னிடம் போகவில்லை, நேரே என்னிடம் வந்து சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தாள். நான் காலை எடுத்தேன். குரல் இழுபட்டு, தேய்ந்து, நின்றது.

"சேர், மற்றப் பக்கத்தில என்ன இருக்கு?"

அடுத்த ஊரில் பதிந்த மீன்களின் பெயர்கள் இருப்பதாகச் சொன்னாய்.

"அனுப்புற பாட்டு இல்லையா?"

நீ வெண்கட்டியை மேசையில் வைத்தாய்.

"முன்னோரைக் கூப்பிட்டா மறுகா திருப்பி அனுப்பணும் சேர். இடையில விட்டா அவங்க எங்க போறது? இஞ்ச, ஆரையும் தெரியாத ஊரில?"

பாடியவர் தன் தாயின் மாமன் என்று அவள் சொன்னாள். தன் ஊரையும், தான் வேடர் குடியில் பிறந்தவள் என்பதையும் அன்றுதான் வகுப்பு அறிந்தது. யாரும் பகிடி பண்ணவில்லை. நீ கசெற்றை வெளியே எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். மொழிகள் சாவதைப் பற்றி நீ முன்பு என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறாய்: "அது லேசிலை சாகாது மச்சான். கதைக்கிற ஆளுக்கு வெக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்கை இருந்திடும்." உள்ளே இருந்த ஒருத்தி அன்று வாயைத் திறந்தாள். திறந்து, நிறுத்து என்றாள்.

குழு கூடியது. கசெற்றைப் போட்டால் பாடம் கிடைக்கும். நீ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாய். போடாமலே திரும்பி வந்தாய். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வரியையாவது கேட்க விட்டிருக்கலாமே என்று உன்னோடு சண்டை பிடித்தேன்.

"ஒரு வரிக்கும் கூப்பிட்ட முன்னோர் வருவினம்" என்றாய்.

"உதை நீ நம்புறியோ?"

"நான் நம்புறனோ எண்டதில்லை கேள்வி. பாஷை அவளின்ரை."

சில நாட்களில் வள்ளியம்மை ஊருக்குப் புறப்பட்டாள். அனுப்பும் பாட்டு அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். போவதற்குக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றுதான் வழி. கடற்படை தாக்கும் அதில் படகேறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை என்பதை எழுதிக்கொண்டிருந்தவன் நான். பாட்டுக்காக உயிரை விடாதே பிள்ளை என்று நீ கெஞ்சிப் பார்த்தாய். பாட்டுக்கு மட்டும் இல்லை, அம்மாவையும் பார்க்க வேண்டும் என்றாள்.

அவள் போன பிறகு நீ மாறிப்போனாய். எங்கள் பத்திரிகையை நீ ஒருநாளும் மதித்து வாசித்தவனல்ல. கடதாசித் தட்டுப்பாட்டில் நாங்கள் கொப்பித் தாளில் அச்சடித்தபோது, "இப்பதான் பேப்பர் எழுத்துக்கு ஏத்த கடதாசியிலை வருது" என்று நக்கலடித்தவன். அதே நீ பின்னேரங்களில் காரியாலய வாசலில் சைக்கிளோடு நின்றாய். உள்ளே வரமாட்டாய். நான் வெளியே வந்ததும், கிளாலியில் ஏதும் நடந்ததோ என்று கேட்பாய். இல்லை என்றால் உழக்கிக்கொண்டு போவாய். நடந்த நாட்களில், இறந்தவர்களின் பெயர்களை நான் வாசிக்க, தலை குனிந்து கேட்பாய். பாடத்தைப் பற்றி அந்த மாதங்களில் நீ ஒரு சொல்லும் பேசியதில்லை. அவள் திரும்ப வேண்டும். உனக்கு அது போதுமாயிருந்தது.

அவள் திரும்பினாள். மெலிந்து, வெயிலில் கறுத்து வந்தாள். ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை, சனங்கள் இடம்பெயர்ந்திருந்தார்கள். பாடிய பெரியவர் முகாமில் காலமாகிவிட்டார். அனுப்பும் பாட்டை ஆண்கள்தான் பாடுவார்களாம். பின்னால் இருந்து கேட்டுக் கேட்டே அவளுடைய தாய்க்கு அது மனப்பாடம். தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கூப்பிட்டதைக் கேட்டவர்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்றாள். உழக்கியவன் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. ஒரு மாணவன் மட்டும் இல்லை. அவன் கிளாலியைக் கடந்து கொழும்புக்குப் போய்விட்டான். "அவருக்குக் காயிதம் போட்டுச் சொல்லிருங்க, அனுப்பியாச்சு எண்டு" என்றாள். பிறகு என் கையிலிருந்த பேனையைப் பார்த்தாள். நான் அதைச் சட்டைப்பையில் வைத்தேன். எதைக் கேட்டாலும் பதிந்து வைக்கும் நீ, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மாணவர்களோடு வாங்கில் இருந்தாய்.

அவள் பாடியது சின்னப் பாட்டு. கூப்பிடும் பாட்டுப்போல அது ஏறவில்லை. நடந்து போகிறவருக்கு முற்றத்தில் நின்று விடைசொல்லும் குரலில் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உனக்குச் சில விளங்கியிருக்க வேண்டும், நீ அழுதாய். முடிந்ததும் நீ கசெற்றை எடுத்து அவளிடம் கொடுத்தாய். அது இன்று எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

அடுத்த முறை குழுவின் முன்னால் அவளே போய் நின்றாள், தன் விருப்பத்தில். பாடவில்லை. தண்ணீருக்கும் தேனுக்கும் மரங்களுக்கும் தன் ஆட்கள் வைத்த பெயர்களைச் சொன்னாள். தாய் கண்டிக்கும்போது சொல்லும் ஒரு வசனத்தையும் சொன்னாளாம். பாடம் அடுத்த கல்வியாண்டிலிருந்து நடக்கலாம் என்று முடிவாயிற்று. அதைச் சொல்ல நீ காரியாலயத்துக்குள் முதன்முதலாக ஏறி வந்தாய். "மச்சான், இப்ப எழுது" என்றாய். எழுதினேன். கொப்பித் தாளில்தான் வந்தது. நீ நக்கலடிக்கவில்லை.

அந்தக் கல்வியாண்டு வரவில்லை. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நீயும் நடந்தாய். மழையில் உன் கசெற்றுகள் எல்லாம் நனைந்தன. ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அவற்றை உடுத்திருந்த சாரத்தால் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தாய். அங்கேயே காய்ச்சலில் விழுந்தாய். மருந்து கிடைக்கவில்லை. தகவல் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது உன்னை எரித்துவிட்டிருந்தார்கள்.

இறந்தவரை அனுப்பிவைக்க முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்யும் அந்தியேட்டியை உனக்குச் செய்ய முடியவில்லை. அந்தப் பக்கம் இராணுவம் இருந்தது. பிறகு உன் மனைவியும் மகனும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். கீரிமலைக்கு இப்போது யாரும் போகலாம். நான் பலமுறை போயிருக்கிறேன், வேறு அலுவல்களுக்கு.

உன் மகன் ஒவ்வொரு வருடமும் ஆடி அமாவாசை நெருங்கும்போது போன் எடுக்கிறான். "மாமா, அப்பாவுக்கு விட்டுப்போனதை ஐயரைப் பிடிச்சு ஒருக்கால் செய்துவிடுங்கோவன்" என்கிறான். இந்த வருடமும் கேட்டான். அவன் கேட்பது நியாயம். உன்னை அனுப்பி வைக்காமல் விட்டது குறை என்று அவன் நினைக்கிறான். வள்ளியம்மையும் அப்படித்தான் சொல்வாள்.

ஆனால் ஒரு செய்தியை எழுதிவிட்டு, இதை நீ வாசித்தால் என்ன சொல்வாய் என்று நினைக்கும்போது, அந்த நக்கல் இன்னும் என் காதில் விழுகிறது. உன்னை அனுப்பிவிட்டால் அதுவும் போய்விடுமே. "ஓம் தம்பி, செய்வம்" என்று உன் மகனுக்குச் சொல்கிறேன். இன்னும் போகவில்லை.