நௌசாத் அனுப்பிய இயர்பட்ஸ்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. முற்றம், யன்னல், தையல் மெசின், எல்லாவற்றிலும் மணல். இன்று மூன்று ஹபாயா முடிக்க வேண்டும். ஒன்றுகூட முடியவில்லை.

காரணம் ஒரு பார்சல். தங்கச்சி ஹஸ்னா ஒலுவில் கம்பஸிலிருந்து வரும்போது எடுத்து வந்தாள். வெள்ளைப் பெட்டி, மேலே பொன் எழுத்தில் கடைப் பெயர். கல்முனை பஸாரில் அந்தக் கடை யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நௌசாத். என்னைத் தலாக் சொன்னவன். இனி நௌ. என்று மட்டும் எழுதுவேன். முழுப் பெயருக்கு மை செலவழிக்க மனமில்லை.

அனுப்புவது எனக்கு என்று அவனுக்குத் தெரியாது; பார்சல் ஹஸ்னாவின் சிநேகிதி ஒருத்தியின் பெயருக்குத்தான் வரும். பேஸ்புக்கில் நான் எழுதும் 'காசுக்கேற்ற சத்தம்' பக்கத்தை யாரோ ஓர் ஆம்பிளை நடத்துகிறான் என்று எல்லாரையும்போல அவனும் நினைத்திருக்கிறான். படமும் எழுத்தும்தான் போடுவேன். முகம் இல்லை, குரல் இல்லை, பெயர் இல்லை. தையல் மெசின் சத்தத்துக்கு மேலால் ஏதாவது கேட்க வேண்டும் என்று மலிவான இயர்பட்ஸாக வாங்கிப் பார்த்து, எது நல்லது, எது காதை நோகடிக்கும் என்று எழுதத் தொடங்கிய பக்கம் அது. இப்போது இந்தக் கரையில் பொடியன்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்கள்.

அவன் அனுப்பிய செய்தி: "காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். நம்மட கடைப் பேர்ல புது பட்ஸ் இறக்கியிரிக்கன். ஒரு நல்ல வார்த்த எழுதி விடுங்க காக்கா. ஒங்கட எழுத்துக்குத்தான் சனம் வாங்குது."

என்னைக் காக்கா என்கிறான், நான் அவனுக்கு அண்ணனாம். சிரித்ததில் வாயில் கவ்வியிருந்த குண்டூசி விழுந்துவிட்டது.

பிறகு சிரிப்பு நின்றது.

என் இடது காது. அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று ஒரு அறை. அதற்குப் பிறகு அந்தக் காதில் உண்மையாகவே கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டொக்டர். காதி நீதிமன்றத்தில் நௌ. சொன்னது: "இவ பொறவிச் செவிடு. மறைச்சுக் கட்டி வெச்சிட்டாங்க." உம்மா பக்கத்தில் தலை குனிந்து இருந்தா. ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவன் விற்கிற சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்வது நான். அல்ஹம்துலில்லாஹ்.

பெட்டியைத் திறக்கும் முன்பே எழுதி வைத்தவை:
- இதைக் காதில் வைப்பதற்கு உரித்த இறால் கோதை வைக்கலாம்.
- பேஸ் என்றால் வெறும் தகர டப்பா.
- காது மீது கொஞ்சமாவது பிரியம் இருப்பவர்கள் வாங்க வேண்டாம்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாயாசம் குடித்த மாதிரி.

ஆகஸ்ட் 6, புதன்

கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. பெட்டி திறந்தேன்.

வலது பட் என் வலது காதில். குர்ஆன் கிராஅத் ஒன்று போட்டேன். பிறகு செய்தி. பிறகு ஒரு பழைய பாட்டு.

நன்றாக இருக்கிறது.

மெசினை ஓட விட்டுக் கேட்டேன். ஓதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. பேஸ் தகர டப்பா இல்லை. இந்த விலைக்கு வந்தவற்றில் இவ்வளவு சுத்தமாக ஒன்றும் நான் கேட்டதில்லை. எரிச்சலில் ஒரு கைப் பக்கத்தை உட்புறம் வெளியே வர வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க வேண்டும்.

இடது பட் எப்போதும் ஹஸ்னாவின் வேலை. என் இடது காதில் எதை வைத்தாலும் ஒன்றுதான்.

"எப்பிடி இரிக்கி?"

"நல்லா இரிக்கி ராத்தா."

"வடிவாக் கேளு."

"வடிவாத்தான் கேக்குறன். நல்லா இரிக்கி. நான் என்ன செய்ய?"

அவளிடமும் கோபம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குறை தேடும் நாள்.

வயல் பக்கம் போனோம், அறுவடை மெசின் இரைச்சலில் கேட்க. கேட்டது. கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிற இடத்தில் நின்றோம். கேட்டது. படிக்கல்லில் போட்டேன், இரண்டு தடவை, கொஞ்சம் வேண்டுமென்றே ஓங்கி. கீறல் மட்டும்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. காற்றுக்குள் நின்று, தள்ளி நின்ற ஹஸ்னாவுக்குப் போன் கோல் எடுத்தேன்.

"ராத்தா, ஒண்டும் வெளங்கல்ல! புயலுக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி!"

மைக் காற்றுக்குத் தாங்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொன்று, கன நேரம் போட்டால் காது மடலின் உள் விளிம்பில் ஒரு நோவு. சின்ன ரப்பர் மூடிக்கு மாற்றினேன். நோவு போய்விட்டது. சீ.

வரும் வழியில் ஹஸ்னா சொன்னாள்: "பொய்யா எழுதினா ஒன்ட பக்கத்த நம்பி வாங்கிற சனத்துக்கு என்ன சொல்லுவாய்? மறுகா அவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் என் இடது பக்கத்தில் நடந்து வந்ததால் கேட்கவில்லை என்று பாவனை செய்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

நௌ. மூன்று செய்தி. "காக்கா, எப்ப போடுவீங்க?" "காக்கா, நீங்க போட்டதும் நான் எல்லா குரூப்புக்கும் அனுப்புவன்." "காக்கா, கடைப் பக்கம் வந்தா ஒரு பிரியாணி நம்மட கணக்கு."

இரண்டாவது செய்தியைப் பார்த்தபடி இருந்தேன். எல்லா குரூப்புக்கும்.

நௌ. பற்றி எனக்குத் தெரிந்தது: எதையும் மூன்று வரிக்கு மேல் வாசிக்க மாட்டான். சாமான் வாங்கும் கடதாசி, டொக்டர் எழுதிய துண்டு, எதையும். முதல் வரி இனித்தால் போதும்.

இறால் கோது வரியை அழித்தேன். மற்ற இரண்டையும். பொய் தேவையில்லை. உண்மையே போதும். எதை முதலில் எழுதுவது என்ற ஒழுங்குதான் முக்கியம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லுஹர் தொழுதுவிட்டு எழுதினேன். முதல் மூன்று வரி சீனிப்பாகு, அத்தனையும் உண்மை: இந்த விலையில் இவ்வளவு தெளிவான சத்தம் நான் கேட்டதில்லை, இரைச்சலிலும் குரல் தெளிவு, விழுந்தாலும் பாதகமில்லை. பிறகு ரப்பர் மூடி, காற்று, மைக். அதுவும் உண்மை. பிறகு கடைசிப் பந்தி. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"இடது பட்டை என் தங்கைதான் கேட்டுப் பார்த்தாள். எனக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. இந்தக் கடைக்காரர் என் கணவராக இருந்த காலத்தில் அறைந்ததில் செவிப்பறை கிழிந்தது. சத்தம் நன்றாக இருக்கிறது. விரும்பினால் வாங்குங்கள். ஜெஸீமா, பாலமுனை."

என் பெயரை அந்தப் பக்கத்தில் முதன்முதலாக எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பயமா, ஆசையா தெரியவில்லை.

போட்டேன். தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் நௌ.: "மாஷா அல்லாஹ் காக்கா! அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்!" பஸார் வியாபாரிகள் குரூப், பள்ளிவாசல் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், சொந்தக்காரர் குரூப், எல்லாவற்றுக்கும் அவன் கையாலேயே அனுப்பியிருக்கிறான். மாமி மகள் எடுத்து அனுப்பிய படத்தில் பார்த்தேன். மேலே அவன் எழுதியது: "கட்டாயம் முழுசா வாசிங்க."

எல்லாரும் முழுசா வாசித்தார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே அழித்துவிட்டான். அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. "காக்கா" என்று இனி ஒரு செய்தியும் வராது.

அவனுடைய புதுப் பெண்சாதியும் வாசித்திருப்பாள். நிந்தவூர்க்காரி, பஸ்லியா. கலியாணப் படத்தில் கழுத்து நிறைய நகையோடு சிரித்துக்கொண்டு நின்றவள். அவள் முகம் வாடுவதை நினைத்துப் பார்த்தேன். அதுவும் இனித்தது. இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

நௌ.வின் காக்கா வந்தார். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சத்தம் போட்டார். "மாமி! ஒங்கட மகள்ட வேலையப் பாத்தீங்களா? அத அழிக்கச் சொல்லுங்க. எங்கட குடும்பத்துட மானம் போகுது!"

நான் எழும்பினேன். உம்மா என்னைக் கையால் மறித்துவிட்டு வெளியே போனா. எப்போதும் "சபூர் செய் புள்ள" என்று பொறுத்துப் போகச் சொல்கிற உம்மா.

"மோட்டார் சைக்கிள நிப்பாட்டுங்க தம்பி. நான் கதைக்கிறது கேக்கணும்."

நிறுத்தினார்.

"என்ட புள்ள பொறவிச் செவிடு எண்டு ஒங்கட தம்பி காதிக்கிட்டச் சொன்னார். அண்டைக்கு நான் வாயத் தொறக்கல்ல. புள்ளைட பேரு இன்னும் கெட்டுப் போகும் எண்டு பயம். ரெண்டு காதாலயும் கேட்டு வளந்த புள்ள அவள். குசினிக்குள்ள நான் முணுமுணுத்தாலும் முத்தத்துல நிண்டு பதில் சொல்லுவாள். போய்ச் சொல்லுங்க. அவள்ட உம்மா சொன்னா எண்டு சொல்லுங்க."

அயல் வீடுகளில் யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவர் போய்விட்டார்.

உம்மா உள்ளே வந்து அரிசி களைந்தா. தண்ணீரை மூன்று தடவை மாற்றினா. என்னைப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் போய் வெங்காயம் உரித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் பக்கத்துக்கு ஒரு குரல் செய்தி. புது நம்பர். மெசினில் இருந்ததால் நௌ.வின் பட்ஸையே காதில் மாட்டி இருந்தேன்.

முதலில் குழாய்த் தண்ணீர் சத்தம். பக்கெட்டில் விழுகிற சத்தம். அதற்கு அடியில் ஒரு பெண், கிசுகிசுப்பாக. இந்த பட்ஸ் இல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது.

"ராத்தா, நான் பஸ்லியா. ஏசிப் போடாதீங்க. எனக்கும் இடது காதுதான். போன கிழமையில இருந்து கீங் எண்டு கேட்டுக்கொண்டே இரிக்கி. வாப்பாக்குச் சொல்ல ஏலாது. நீங்க காட்டின டொக்டர் எங்க இரிக்கார்? கெதியாக் காட்டினாச் சரி வருமா ராத்தா?"

மெசினை நிறுத்தினேன். இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்க முடியவில்லை.

கெதியாகக் காட்டினால் சரி வரும் என்றுதான் டொக்டர் அன்று சொன்னார். நான் மூன்று மாதம் மறைத்துவிட்டுப் போனேன்.

பதில் எழுதினேன்: "தண்ணீர் படாமல் பஞ்சு வையுங்க. எண்ணெய் ஒன்றும் ஊற்ற வேண்டாம். நாளைக்குக் காலையில் கல்முனைக்கு அந்த டொக்டரிட்டக் கூட்டிப்போறன். நான் பாலமுனையில் ஏறி வாறன். நீங்க நிந்தவூர்ச் சந்தியில் நில்லுங்க. உம்மா வீட்டுக்குப் போறன் என்று சொல்லிட்டு வாங்க."

"சரி ராத்தா" என்று வந்தது. பிறகு அவள் அந்தச் செய்திகளை அழித்ததும் தெரிந்தது. நல்ல காரியம், நௌ. கண்ணில் படாது.

பஸ்ஸில் எப்படி உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருவருக்கும் இடது காது இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருத்திக்குத்தான் கேட்கும். கதைக்க வேண்டியது அவள். ஆகவே இடப்பக்க வரிசை, நான் யன்னலோரம். என் வலது காது அவள் பக்கம் வரும்.