எழுதியாச்சு என்று சொன்ன பிறகு

மரக்காணம்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மதி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை இன்னும் பிடிக்காததால் அப்பா உப்பளத்திலேயே கிடக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ போன் பண்ணுவதே குறைந்துவிட்டது என்று ஒரு குறை அவளுக்கு. வைஜெயந்தி அண்ணி பெருமுக்கலிலிருந்து வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். விசா எப்போது வரும் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

இதை எல்லாரும் படிக்கிற டெவலப்பர் லிஸ்ட்டில் போடாமல் உனக்கு மட்டும் எழுதுகிறேன். திண்டிவனத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற டயாலிசிஸ் சென்டரில், உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதுகிற நம்ம டேட்டாபேஸின் இன்னும் வெளிவராத புது வெர்ஷனை ஒரு தனி மெஷினில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நர்சுகள் பழையதிலும் புதியதிலும் இரண்டு தடவை பதிகிறார்கள். செவ்வாய்க்கிழமை கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் சில நொடியில் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பழைய மெஷினில் எல்லாம் இருந்தது. புதியதில், பாவாடை என்கிற பேஷண்டுக்கு ஹெபாரின் ஊசி போட்ட பதிவைக் காணோம். பதிவாகிவிட்டது என்று திரையில் வந்ததை மேரிசெல்வி சிஸ்டர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"இத மட்டும் நம்பியிருந்தா அடுத்த ஷிப்ட்ல இன்னொரு ஊசி போட்டிருப்பாங்க மேடம்" என்றார். ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மருந்து அது. கூடிப்போனால் ரத்தப்போக்கு நிற்காது.

எழுதியாச்சு என்று டேட்டாபேஸ் சொன்னால் அது டிஸ்க்கில் இறங்கியிருக்க வேண்டும். புது வெர்ஷனில் அந்த இடத்தைத் தொட்டது நீ எழுதிச் சேர்த்த பேட்ச் ஒன்றுதான். பல பேருடைய பதிவைச் சேர்த்து ஒரே தடவையில் டிஸ்க்குக்கு அனுப்புகிறதே, அது. கொஞ்சம் பாரேன்.

உன் தங்கை
மதி

*

ம்யூனிக்
5 ஆகஸ்ட் 2024

அன்பு மதி,

உன் மெயில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. உங்கள் சென்டரில் இருப்பது மலிவான டிஸ்க். அந்த மாதிரி டிஸ்க்குகள் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும். என் பேட்சை, எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிற பெரிய கமிட்டர்கள் வரிவரியாகப் படித்துத்தான் உள்ளே விட்டார்கள். அதனால் கூடியிருக்கிற வேகத்தை எங்கள் கம்பெனி இப்போதே விளம்பரத்தில் போட்டுவிட்டது. ரிலீஸ் வந்ததும் என் வேலை நிரந்தரமாகும், உன் அண்ணியை அழைத்துக்கொள்ளலாம். இந்த நேரத்தில் நீ லிஸ்ட்டில் எதையாவது போட்டுவைக்காதே. டிஸ்க்கை மாற்றிப் பார்.

அன்புடன்
அண்ணன்

*

மரக்காணம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

டிஸ்க்கை மாற்றிவிட்டேன். வாடகை சர்வரிலும் ஓட்டினேன். தப்பு டிஸ்க்கில் இல்லை.

சேர்ந்து எழுதுகிற குழுவுக்கு முதல் ஆளாக நிற்கிற கனெக்ஷன் நடுவில் அறுந்துபோனால், பின்னால் காத்திருக்கிறவர்களுக்கு எழுதாமலே 'எழுதியாச்சு' என்று பதில் போய்விடுகிறது. அன்றைக்குக் கரண்ட் போனதும் முதலில் அணைந்தது வரவேற்பில் இருக்கிற கம்ப்யூட்டர். அதுதான் முதல் ஆளாக நின்றிருக்க வேண்டும். சிஸ்டர் லேப்டாப்பில் பதிந்தது அதற்குப் பின்னால் காத்திருந்தது. அவருக்குப் பதில் போன கையோடு சர்வரும் நின்றுவிட்டது.

இதைக் காட்ட ஒரு சின்ன டெஸ்ட் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தவும் முயன்றேன். என் வழியில் போனால் உன் வேகம் முழுக்கப் போய்விடுகிறது. உனக்கு வேறு வழி தெரியலாம். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்.

மதி

*

ம்யூனிக்
17 ஆகஸ்ட் 2024

மதி,

உன் டெஸ்ட்டை ஓட்டினேன். இங்கேயும் தேறாமல் விழுகிறது.

ரிலீஸ் அடுத்த மாதக் கடைசியில். இப்போது சொன்னால் பேட்சைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். திருத்தி எடுக்க எனக்கு அவகாசம் இல்லை. ரிலீஸ் போகட்டும். நவம்பரில் வருகிற சின்ன வெர்ஷனில் நானே சரிசெய்துவிடுகிறேன். அதுவரை உங்கள் சென்டரில் பழையதே ஓடட்டும். அக்டோபரோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது, உனக்குத் தெரியும்.

நாலு பேர் முன்னால் என்னை நிற்க வைக்காதே. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

அரசு

*

மரக்காணம்
19 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உன் மெயிலைப் படித்துவிட்டு உப்பளத்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, ஆபீஸ்ல எதுனா பிரச்சினையா?" என்று அப்பா கேட்டார். "ஆமாப்பா" என்றேன். யாரோடு என்று சொல்லவில்லை.

எங்கள் சென்டரில் பழையதே ஓடட்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டாய். மற்றவர்களுக்கு யார் சொல்வது? ரிலீஸ் வந்த அன்றைக்கே ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீயே லிஸ்ட்டில் போடு. கண்டுபிடித்தது நீ என்றே இருக்கட்டும், என் பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கிறேன். அதற்குள் வரவில்லை என்றால் நான் போட்டுவிடுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே.

மதி

*

மரக்காணம்
25 ஆகஸ்ட் 2024

அண்ணா,

வெள்ளிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். நேற்றுக் காலையில் போட்டேன்.

உன் பதிலையும் படித்தேன். "மிஸ் கலைமதி, நீங்கள் எந்த டிஸ்க் உபயோகிக்கிறீர்கள்?" என்று உலகமே பார்க்கிற இடத்தில் கேட்டிருக்கிறாய். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் நினைத்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன். நீ அப்படி நினைக்க வைத்ததுதான் ஆறவில்லை.

நீ எனக்கு எழுதியதை யாருக்கும் காட்ட மாட்டேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம். டெஸ்ட்டை யார் ஓட்டினாலும் அது விழத்தான் போகிறது. அதற்கு முன்னால் நீ பேசிவிட்டால் நல்லது. உனக்காகத்தான் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி நீ அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மதி எங்கே" என்று நீ கேட்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

மதி

*

ம்யூனிக்
1 செப்டம்பர் 2024

கலைமதிக்கு,

பேட்சை வெளியே எடுத்துவிட்டேன். லிஸ்ட்டில் எழுதியதைப் பார்த்திருப்பாய். தப்பு என் பேட்சில்தான், டிஸ்க் கேள்வியைக் கேட்டபோதே எனக்கு அது தெரியும் என்று எழுதியிருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. வேறொரு கமிட்டர் உன் டெஸ்ட்டை ஓட்ட ஆரம்பித்திருந்தார். அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

இங்கே வேலை நிரந்தரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் வரை கான்ட்ராக்ட்டை நீட்டியிருக்கிறார்கள். வைஜெயந்தியிடம் நானே சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். உன் பேரை நான் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

நீ செய்தது சரி. உன் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் கைகுலுக்கியிருப்பேன். நீ என்பதால் முடியவில்லை. அது எப்போது ஆறும் என்று எனக்கே தெரியாது. அதுவரைக்கும் எனக்கு மெயில் போடாதே. வீட்டுக்குப் போன் பண்ணினால் அம்மாவிடம் கொடுத்துவிடு.

வேகம் போகாமல் திருத்த ஒரு வழி கிடைத்த மாதிரி இருக்கிறது. அடுத்த வருஷ வெர்ஷனுக்கு அனுப்பப்போகிறேன். ரிவ்யூ பண்ண ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். அந்தத் திருத்தத்தை உடைத்துக் காட்ட உன்னால் முடியவில்லை என்றால்தான் நான் தூங்க முடியும். லிஸ்ட்டில் எழுது. அங்கே பதில் சொல்வேன்.

கலையரசன்